நங்கூரமும் தெய்வமும்

துருக்கியின் போத்ரும் நகரில், புனித யோவான் சபைப் போர்வீரர்கள் கட்டிய கடற்கரைக் கோட்டைக்குள் நீரடித் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது, ஒரு சாண் உயரம்கூட இல்லாத வெண்கலப் பெண் உருவம். தலையிலும் கைகளிலும் பாதங்களிலும் பொன் தகடு வேய்ந்திருக்கிறது. ஆசி கொடுப்பவள்போல் கைகளை நீட்டி நிற்கிறாள்.

ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் உலுபுருன் முனையருகே மூழ்கிய வணிகக் கப்பலில் கிடைத்தவள் அவள். 1982இல் கடற்பஞ்சு எடுக்க முழுகிய ஒருவர் கண்ணில் அந்தக் கப்பலின் சரக்கு பட்டது. 1984 முதல் 1994 வரை, 40 மீட்டருக்கும் கீழே, 22,000 தடவைக்கு மேல் முழுகி ஆய்வாளர்கள் அதை அகழ்ந்தார்கள். 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், கருங்காலி, எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த பொன் முத்திரை எல்லாம் வெளியே வந்தன. அந்தப் பெண் உருவம் கப்பலின் காவல் தெய்வமாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

காவல் தெய்வம் என்றால், ஏன் காக்கவில்லை?

மீனவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது பழங்காலக் கேள்வி இல்லை. கடலுக்குப் போன என் பெரியப்பா திரும்பி வரவில்லை. படகின் அணியத்தில் மாதா படம் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், "நேர்ச்சையில் ஏதோ குறை வைத்துவிட்டீர்கள்" என்று பெரியம்மாவிடமே சொன்னார்கள். சிலர், "மாதா என்ன செய்தாள்?" என்றார்கள். இரண்டு பேச்சுக்கும் கணக்கு ஒன்றுதான். படகு வந்தால் பக்தி பலித்தது, வராவிட்டால் பொய்த்தது.

அந்தக் கணக்கு தவறு என்று எனக்குக் காட்டியவை அதே கப்பலின் கல் நங்கூரங்கள். மொத்தம் 24. பெரும்பாலானவை 100 கிலோவுக்கு மேல் கனம். தெய்வத்தை நம்பியவன் நங்கூரத்தைக் கரையில் விட்டுவிட்டுப் போகவில்லை. அந்த நங்கூரங்களும் கப்பலைக் காக்கவில்லை. அதற்காக நங்கூரமே வீண் என்று எந்த மாலுமியும் சொல்ல மாட்டான்.

நங்கூரம் பிடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம், தெய்வம் பிடிப்பதைப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன் பலத்துக்கு எல்லை உண்டென்று அறிந்தவன்தான் கும்பிடுகிறான். அதே அறிவுதான் அவனை நங்கூரத்துக்கு மேல் நங்கூரம் ஏற்றச் சொல்கிறது. செபம் கடலை நிறுத்துவதில்லை. சுக்கான் பிடித்த கை நடுங்காமல் இருக்க அது துணை நிற்கிறது. அதன் மதிப்பு, எந்த மனத்தோடு ஒருவன் கடலில் இறங்கினான் என்பதில் இருக்கிறது. இதை நம்பித்தான் நான் இன்றும் செபிக்கிறேன்.

கடலில் ஆளை இழந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அவர்கள் கும்பிட்டதில் குறை தேடாதீர்கள். அவர்கள் கும்பிடும் தெய்வத்தின் மேலும் குற்றம் சுமத்தாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள்.