தட்டின் அடிப்பக்கம்

கோவளம் கடற்கரையிலிருந்து பிள்ளைகள் பொறுக்கி வரும் கிளிஞ்சல்களுக்கு ஒரு வழி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தட்டு. ஈரமணலைக் குவித்துத் தட்டி, கிளிஞ்சல்களை அழுத்தி எடுத்துவிட்டு, இட்லி மாவுப் பதத்தில் கரைத்த பிளாஸ்டரை மேலே ஊற்றி உச்சியைத் தட்டையாக்க வேண்டும். கரைக்கக் கடல் தண்ணீர் ஆகாது. உப்பு பட்டால் அவசரமாக இறுகிவிடும். அரை மணி கழித்துத் திருப்பினால், குவியல் இருந்த இடம் குழியாக, கிளிஞ்சல் பதிந்த குழிகள் மேடாக, மணல் ஒட்டிய தட்டு ஒன்று கிடைக்கும்.

இறுகும்போது அது சூடாகும். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரியில் வறுத்து, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை விரட்டித்தான் இந்தப் பொடியைச் செய்கிறார்கள். தண்ணீர் சேர்ந்ததும் இழந்ததை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. வெப்பம் வெளியே வருகிறது. தொட்டுப் பார்க்கலாம், கையைப் புதைக்கக் கூடாது. 2007-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பள்ளி மாணவி ஒருவர் கை அச்சு எடுக்கப் போய் விரல்களை இழந்தார்.

ஓரம் கோணலாக இருக்கிறதே என்று பெரியவர்கள் உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுகிறோம். பெயிண்டும் நாமே அடித்துவிடுவோம். ஆனால் அதற்கு முன்பே, பிளாஸ்டர் பாதி இறுகியிருக்கையில், பிள்ளை ஈர்க்குச்சியால் தன் பெயரைக் கீறியிருக்கும். ஊற்றிய மேற்பரப்புதானே பிறகு அடிப்பக்கம்? இடம் போதாமல் கடைசி எழுத்து வளைந்து இறங்கியிருக்கும். யாரும் எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கீறலைப் பார்த்தால் எனக்கு நினைவுக்கு வருவது, மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் உள்ள ஒரு பாறை. பல்லவர் காலத்து எழுத்தில், அங்கே கல் வேலை செய்தவர்களுடையவை என்று கருதப்படும் சில பெயர்கள்: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். தர்மராஜ ரதத்தில் அரசனின் பட்டப்பெயர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இங்கே புகழ்ச்சி எதுவுமில்லை. பெயர், சிலருக்குத் தொழில், ஒருவருக்கு ஊர். கொல்லனையும் விடவில்லை பாருங்கள். மழுங்க மழுங்க உளியைக் காய்ச்சித் தீட்டித் தர ஆளில்லாமல் கருங்கல் வேலை நடக்குமா? ரதங்களுக்கு வரும் கூட்டம் இந்தப் பாறைக்கு வருவதில்லை.

அந்தப் பெயர்களைப் படித்த பிறகு தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பதே என் வழக்கமாகிவிட்டது. பிள்ளைப் பருவத்தைப் பிடித்து வைக்கத் துடிப்பவர்கள் நாம். பிள்ளைக்கு அந்தக் கவலையே கிடையாது. நம்முடைய பிற்கால ஏக்கத்துக்குப் பொருள் செய்து தர அது மணலில் உட்காரவில்லை. ஒரு வேலையைச் செய்தது, முடித்தது, செய்தது நான்தான் என்று எழுதியும் வைத்தது. நாம் நினைவுச்சின்னம் என்று எடுத்து வைப்பது, அதற்கு முடிந்த வேலை.

ஆகவே கண்ணாடி அலமாரி வேண்டாம். சாவியும் சில்லறையும் போட்டுவைக்கலாம். தின்பண்டம் கூடாது, தண்ணீரும் ஆகாது. உடைந்துவிடுமே என்று பதறுவது நாம்தான். செய்தவரைக் கேட்டால், மணல் இருக்கு, பொடி இருக்கு, வேற செஞ்சுக்கலாம் என்பார்.