பொருந்துவதெல்லாம் உண்மையா?

அற்ககோலும் நீரும் கலந்த கலவையை வளிமண்டல அமுக்கத்தில் எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும், நிறைப்படி ஏறத்தாழ 95.6 சதவீதத்துக்கு மேல் அற்ககோலின் செறிவு உயர்வதில்லை. 78.2 பாகை சதமத்தில் திரவத்தின் சேர்க்கையும் ஆவியின் சேர்க்கையும் ஒன்றாகிவிடுவதே காரணம். இத்தகைய அவத்தைச் சமநிலைகளைச் சமன்பாட்டில் அடக்க 1895இல் மாகுலிஸ், 1910இல் வான் லார், 1964இல் வில்சன் எனப் பலர் முயன்றனர். ஒவ்வொரு சமன்பாட்டிலும் சில பரமானங்கள் உண்டு. அளந்த புள்ளிகளுக்கு மிக அருகால் வளையி செல்லும்வரை அவற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறோம்.

வளையி பொருந்திவிட்டது; ஆதலால் உண்மையைக் கண்டுவிட்டோமா?

வில்சனின் சமன்பாடு அற்ககோல், நீர்க் கலவைக்கு நன்கு பொருந்தும். ஆனால் பியூட்டனோலும் நீரும் குடுவையில் இரு படைகளாகப் பிரிந்து நிற்பதை, பரமானங்களுக்கு எப்பெறுமானத்தைக் கொடுத்தாலும், அதனாற் சொல்ல இயலாது. கண்முன்னே பிரிவு கிடக்க, பிரிவேயில்லை என்று சாதிக்கும் சமன்பாடு அது! குறை எண்களில் அன்று, அமைப்பிலேயே உள்ளது. அப்பிரிவையும் சொல்லவல்ல சமன்பாட்டை 1968இல் றெனோனும் பிறௌஸ்னிற்சும் தந்தனர்.

இது அறியாமையால் வரும் பிழை; மன்னிக்கலாம். அறிந்தே செய்யும் பிழை வேறு. வெப்பநிலை, அமுக்கம், திரவச் சேர்க்கை, ஆவிச் சேர்க்கை ஆகிய நான்கையும் ஒருவர் அளந்தால், கிப்சு–டூயம் விதிப்படி அவற்றுள் ஒன்று மிகை; ஏனைய மூன்றிலிருந்து அதைக் கணித்துவிடலாம். அம்மிகையே அளவீட்டின் நேர்மைக்குச் சாட்சி. மூன்றை மட்டும் அளந்து, நான்காவதைக் கணித்து, அதையும் அளந்ததாக அட்டவணையில் எழுதுவோர் உளர். அவர்களுடைய அட்டவணை சோதனையில் அப்பழுக்கின்றித் தேறும். விதியிலிருந்து பிறந்த எண் விதிக்கு மாறாக எங்ஙனம் சாட்சி சொல்லும்?

நம் ஆய்வுகூடங்களிலும் இதன் சிறு வடிவத்தைக் காண்கிறோம். வளையிக்கு விலகி நிற்கும் ஒரு புள்ளியை மாணவர் மெல்ல அழித்துவிடுகிறார். வரைபு அழகாகிறது, புள்ளியை அழித்தவருக்கே புள்ளியும் கிடைக்கிறது. அவரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. அழகுக்குப் புள்ளி வழங்குபவர்கள் நாமே. ஆனால் ஆவியும் திரவமும் ஒரே சேர்க்கையை நெருங்கும் எல்லையில், பரமானத்திற் சிறு பிசகு நேர்ந்தாலும் வடிகோபுரத்துக்கு வேண்டிய தட்டுகளின் தொகை பெரிதும் மாறும். எண்ணைப் பொருத்தியவர் கதிரையில் இருப்பார்; வடியாத கோபுரத்தோடு இராப்பகலாய் மல்லுக்கட்டுபவர் தொழிலாளர்.

அழித்த புள்ளியையும், அழித்த காரணத்தையும், எவ்வெல்லைக்குள் அளந்தோம் என்பதையும் அட்டவணையின் கீழ் எழுதுமாறு மாணவரைக் கேட்போம். எழுதியவருக்குப் புள்ளி குறைக்காதிருப்பது நம் பொறுப்பு.