விரிசலின் இரு முனைகள்

தங்கை மகனின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள ஹெட் டியூபிலிருந்து பெடல் பக்கம் இறங்குகிற பெரிய குழாயின் அடிப்புறத்தில், வெல்டிங் விளிம்பை ஒட்டி ஒரு கோடு. துடைத்தால் போகவில்லை. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. பெயின்ட் மட்டும் வெடித்திருக்கலாம் என்று மனம் உடனே ஆசைப்படுகிறது. பார்ப்பதற்கு முன் அந்த ஆசையை ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது.

*

பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு டி.பி. (டை பெனட்ரன்ட்) டெஸ்ட் செய்தோம். கோவைப் பட்டறைகளில் வார்ப்புகளுக்குச் செய்கிற சோதனைதான். சிவப்புத் திரவத்தை அடித்து, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளையைத் தெளிக்க வேண்டும். விரிசலுக்குள் புகுந்த சிவப்பு வெள்ளையில் ஊறி மேலே வரும். காந்தம் வைத்து விரிசல் தேடும் முறை இரும்புக்குத்தான் ஆகும். இந்த ஃபிரேம் அலுமினியம். அது காந்தத்துக்கு மசியாது.

காத்திருந்த நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கோடு வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைவிட இரு முனையிலும் நீண்டிருந்தது.

*

குழாயில் சுருக்கமோ வீக்கமோ இருக்கிறதா என்று விரலால் தடவினேன். முன்சக்கரம் எதிலாவது மோதியிருந்தால் ஹெட் டியூபுக்குப் பின்னால் குழாய் லேசாக மடிந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. அடிபட்டு வந்த விரிசலாகத் தெரியவில்லை. ஓடி ஓடி வந்தது.

*

"வெல்டு வெச்சுட்டா போதாதா மாமா?"

நியாயமான கேள்வி. அவன் தாத்தா ஓட்டியது இரும்பு சைக்கிள். அந்த ஃபிரேம் விட்டுப்போனால் கேஸ் வெல்டிங் கடையில் பித்தளை வைத்து ஒட்டுவார்கள். மறுநாளே மூட்டை ஏறும். இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை அதிர்ந்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி வரம்பு கிடையாது. சிறிய அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் அலுமினிய ஃபிரேமின் குழாய்களைப் பருமனாகச் செய்கிறார்கள். விறைப்பு கூடினால் ஒவ்வொரு குலுக்கலிலும் உலோகம் வளைவது குறையும்.

விமானத்திலும் இதே கதைதான். 1954-இல் இரண்டு காமெட் பயணிகள் விமானங்கள் கடலின் மேல் சிதறி விழுந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஒரு திறப்பின் மூலையருகே அலுமினியத் தகடு கிழிந்தது. ஒவ்வொரு முறையும் அது தாங்கக்கூடிய அழுத்தம்தான்.

*

ஃபிரேமில் 6061 என்று ஸ்டிக்கர் இருக்கிறது. மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியம். இதன் உறுதி கலவையால் மட்டும் வருவதில்லை. 530 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்திருப்பார்கள். அப்படி ஏற்றிய உறுதி, பக்கத்தில் ஆர்கான் வெல்டிங் சுடர் நின்ற சில நொடிகளில் இறங்கிவிடும். மீட்க வேண்டுமென்றால் முழு ஃபிரேமையும் மறுபடி உலையில் வைக்க வேண்டும். குளிரும்போது கோணினால் நிமிர்த்தவும் வேண்டும். 7005 வகையானால் அந்த உலைச் சூடு வேண்டாம். வெல்டிங்குக்குப் பிறகு நாளாக ஆகத் தானே ஓரளவு உறுதி ஏறும். ஆனாலும் விரிசலுக்குப் பக்கத்தில் இருப்பது அதே களைத்த குழாய்தான்.

இருந்தாலும் ஒரு வெல்டரிடம் காட்டினோம். விளக்கை அருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஒட்டித் தர்றேன் சார். தாங்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்." அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. விரிசலை மூட முடியுமா என்றால் முடியும். மூடியதை நம்பி ஒருவன் ஏறலாமா என்பதற்கு அவர் கை பொறுப்பேற்காது.

*

இதே விரிசல் கேரியர் மாட்டும் காதில் இருந்திருந்தால் கேரியரைக் கழற்றிவிட்டு, கண் வைத்தபடி ஓட்டச் சொல்லியிருப்பேன். இடம்தான் என் முடிவைத் தீர்மானிக்கிறது. ஹெட் டியூப் பிரிந்தால் முன்சக்கரமும் ஹேண்டில்பாரும் தனியே போய்விடும். பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. இவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலைப் பாதையில் இறங்குகிறவன். இனி இதில் ஏற வேண்டாம் என்றேன்.

நானே ஓட்டுவதாக இருந்தாலும் இதே பதில்தான் சொல்வேனா என்று கேட்டுப் பார்த்தேன். ஆமாம்.

*

பில் இருந்தால் ஃபிரேம் வாரண்டியை விசாரிக்கச் சொன்னேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சைக்கிள், பில் இல்லை.

பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன் ஹெட் டியூபை ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிடச் சொன்னேன். முழுதாகப் போனால் யாராவது புட்டி பூசி, பெயின்ட் அடித்து, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு விற்றுவிடலாம். அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவிலிருந்து பிரிக்க ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும். உருகினால்தான் இதன் களைப்பு முழுதாகத் தீரும்.

வீல், செயின், பிரேக், சீட் போஸ்ட் எல்லாவற்றையும் கழற்றித் துணியில் பரப்பியிருக்கிறான். ஃபோர்க் குழாயின் அளவுக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் பொருந்துகிற ஃபிரேம் தேட வேண்டும். இரும்பு ஃபிரேம்களையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.