நம்பிக்கை இருக்கையில் சட்டம் எதற்கு?

நமது சங்கத்தின் சட்டதிட்டங்களைத் திருத்தியமைக்க வேண்டுமென்ற பேச்சு எழுந்த நாள் முதலாக, சிடாம் கிரியில் நம்மவர் நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் அதே பேச்சாக இருக்கிறது. தேத்தண்ணீர்க் கடையிலும் அதுதான்; ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும் இடத்திலும் அதுதான். வேண்டாமென்போர் சொல்வதின் சாரம் இது: "அல்லாஹ்வுக்குப் பயந்தவர்கள் நடத்தும் சங்கத்துக்கு இத்தனை சட்டம் எதற்கு? பூட்டின் மேல் பூட்டுப் போட்டால், உள்ளே இருப்பவரைக் கள்வர் என்று சொன்னதாகாதா?"

இதை வீம்புப் பேச்சென்று தள்ளிவிடலாகாது. கேட்பவர்கள் வயதிலும் உழைப்பிலும் மூத்தவர்கள். சந்தா வசூலிக்கத் தோட்டம் தோட்டமாகச் சைக்கிள் மிதித்தவர்கள். ரசீதுப் புத்தகம் அச்சடிக்கவும் காசில்லாத நாளில், முகத்தைப் பார்த்தே ஜனங்கள் பணம் கொடுத்தார்கள். அது ஒரு காசு குறையாமல் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்டவரிடம் போய், "இனிமேல் காசோலையில் உங்கள் கையெழுத்து மட்டும் போதாது" என்றால் மனம் புண்படத்தான் செய்யும். ஆகையால் மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறதென்று முதலில் பார்ப்போம்.

திருக்குர்ஆனில் மிக நீளமான ஆயத்து எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியா, நோன்பைப் பற்றியா? கடனை எழுதி வைப்பதைப் பற்றி! பகரா சூராவின் 282-ஆவது ஆயத்து அது. தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், எழுதுகிறவர் நீதமாக எழுதட்டும், சாட்சி வையுங்கள், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்காதீர்கள் என்ற கருத்துகள் அதில் வருகின்றன. இந்தக் கட்டளை முதலில் யாருக்கு இறங்கியது? மதீனாவிலிருந்த ஸஹாபாக்களுக்கு. அவர்களைவிட நாணயமானவர்களை உலகம் இனிக் காணப் போவதில்லை. அவர்களையே எழுதச் சொன்னான் என்றால், எழுத்தென்பது கள்வனைப் பிடிக்க மட்டும் என்று எப்படிச் சொல்வது? மனிதனுக்கு மறதி உண்டு, மவுத்து உண்டு, அவனுக்குப் பின்னால் பிள்ளைகளின் சச்சரவும் உண்டு.

ஓதிய அன்பர் ஒருவர் நம்மிடம் அடுத்த ஆயத்தைக் காட்டினார். ஒருவரை ஒருவர் நம்பினால், நம்பப்பட்டவர் அமானத்தைச் சரியாகத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று அதில் வருகிறதே என்றார். வாஸ்தவம்தான். பிரயாணத்தில் எழுத ஆள் கிடைக்காத சமயத்தைப் பற்றிப் பேசிவரும் இடம் அது என்பது ஒரு புறமிருக்கட்டும். நம்புவதற்கு அங்கே இடமிருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யாருடைய பொருளை நம்பிக் கொடுப்பது?

இந்தப் பக்கத்துக் கடைகளில் 555 புத்தகம் இல்லாத கடை ஏது? ஒருவர் அரிசி பருப்பு எடுத்துக்கொண்டு, "சம்பளத்துக்குத் தருகிறேன் பாய்" என்கிறார். எழுதினாலும் எழுதலாம், முகத்துக்காக எழுதாமலும் விடலாம். வராமற் போனால் நட்டம் நம்முடையது. அதே கடை கூட்டுக் கடையாயிருந்தால்? பங்காளியின் பாதியை நம்பிக் கொடுக்கும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தார்கள்? நம் காசை நம்பிக் கொடுப்பது தாராளம். பிறர் காசை அப்படிக் கொடுத்தால், ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். சங்கத்துப் பணம் லாரி ஓட்டுகிறவருடையது, பால்மரம் வெட்டிய கிழவருடையது, கோலாலம்பூருக்குப் போன பின்னும் சந்தா அனுப்பும் பையனுடையது, ஸதகாவாகக் கொடுத்துவிட்டு மண்ணுக்குள் போய்விட்டவருடையது. அவர்கள் எல்லாருக்கும் பதிலாக, "நான் தலைவரை நம்புகிறேன், கணக்கு வேண்டாம்" என்று கையுயர்த்திச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தலைவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் இல்லை. நாம் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

நம் கணக்கை நாமே கட்டிக் காக்காவிட்டால் என்ன நேருமென்று அறிய வெகுதூரம் போக வேண்டாம். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினால் போதும். பினாங்கில் கப்பித்தான் காதிர் முகைதீன் காலத்தில், 1801-இல், உண்டான கப்பித்தான் கெலிங் பள்ளிக்கு எத்தனை வக்ஃபு நிலங்கள்! வக்ஃபு செய்தவர்களின் நிய்யத்தில் குறை சொல்ல யாருக்கும் நாவெழாது. ஆனால் அந்தத் தலைமுறை போனபின், பினாங்கு வக்ஃபுகளின் நிர்வாகத்தைப் பற்றிப் புகார் மேல் புகார் கிளம்பிற்று. முடிவில் 1905-இல் வெள்ளைக்கார அரசாங்கம் முஸ்லிம், இந்து தர்ம சொத்துகளுக்கென்று தனிச் சட்டம் போட்டு, தானே ஒரு வாரியத்தை அமர்த்தியது. பள்ளிவாசல் சொத்துக்குக் கணக்கெழுத, கலிமா சொல்லாத துரைமார் வர வேண்டியதாயிற்று. "சட்டம் அவமானம்" என்போர் இதை என்னவென்பார்கள்?

நிற்க. பணம் காணாமற் போவதுதான் கேடென்று நினைக்க வேண்டாம். ஒரு காசும் காணாமற் போகாத இடத்திலும் அநியாயம் நடப்பதுண்டு. பக்கத்து ஊர்ச் சங்கமொன்றில், பெயர் வேண்டாம், ஜனாஸா உதவி எவ்வளவு, எத்தனை நாளில், யாரிடம் என்பது எழுதப்படவில்லை. நிர்வாகிகளின் உசிதம்போல் என்று விட்டிருந்தார்கள். பட்டணத்துக் கடைக்காரர் மவுத்தானபோது குழி மூடுமுன் பணம் வீட்டுக்குப் போயிற்று. தோட்டத்து லாரிக் கூலியாள் ஒருவர் மவுத்தானபோது, இத்தா இருந்த அவர் மனைவி மூன்று தரம் ஆளனுப்பிக் கேட்க நேர்ந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தலைவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது, அவ்வளவுதான். நம்பிக்கையும் பாசமும் தெரிந்தவர் வீட்டுக்கு வழி கண்டு போய்விடும். தெரியாதவர் வீட்டுக்கு வழி காட்ட எழுத்து வேண்டும். நமது திருத்தத்தில் ஜனாஸா உதவிக்குத் தொகையும் நாளும் குறித்திருப்பதும், உறுப்பினரின் விதவை தம் பெயரிலேயே உறுப்பினராகத் தொடரலாம் என்றிருப்பதும் இதற்காகத்தான். மற்றதெல்லாம் தள்ளுபடியானாலும் இது மட்டும் நிறைவேறினால் நமக்குத் திருப்தி.

அதிகக் கசப்பை உண்டாக்கியிருப்பது, தலைவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி. இதில் நமக்கும் சங்கடம் உண்டு. பழுத்த அனுபவத்தைச் சட்டம் காட்டி வீட்டுக்கு அனுப்புவது எளிதல்ல. பிறகு வருகிறவர் சோம்பேறியாகவும் இருக்கலாம். ஆனாலும் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். தோல்வியறியாத அந்தத் தளபதியைத் தலைமையிலிருந்து உமர் (ரலி) விலக்கினார்கள். கோபத்தினாலோ துரோகத்தினாலோ விலக்கவில்லை, ஜனங்கள் வெற்றியை அவரிடமே கண்டு மயங்கலானார்கள் என்று அறிவித்ததாக வரலாற்றில் காண்கிறோம். தலைமை அபூ உபைதா (ரலி) அவர்களிடம் போன பின்னும் காலித் அவர் கீழே நின்று போர் புரிந்தார்கள். உமர் (ரலி) அவர்களே கி.பி. 644-இல் குத்துண்டு கிடந்தபோது, அடுத்தவரைத் தெரிந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனைக்கு இருக்கலாம், பதவிக்கு அல்ல என்றார்கள். மகனிடம் குறை கண்டா அப்படிச் சொன்னார்கள்?

இன்னொரு சாரார், "சட்டத்தை யார் படிக்கிறார்கள், வேலை நடந்தால் சரி" என்கிறார்கள். 1988 பிப்ரவரி 4-ஆம் தேதியை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். 1946-இல் பிறந்த அம்னோ, நாட்டை ஆண்டுகொண்டிருந்த கட்சி, சட்ட விரோதமான சங்கம் என்று அன்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம், அதன் கிளைகளில் 30 பதிவாகாமல் இருந்தன. கட்சித் தேர்தல் சண்டையிலிருந்து கிளம்பிய வழக்குத்தான். ஆயினும் கட்சியைக் கவிழ்த்தது அந்தப் பதிவுக் குறை. பிரதம மந்திரியின் கட்சிக்கே அந்த கதியென்றால், தோட்டப் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கிளை வைத்துக்கொள்ளலாம் என்று பேசுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும்.

நடைமுறையையும் தெரிந்துகொள்வது நல்லது. மகாசபையில் கையுயர்த்தியவுடன் சட்டம் மாறிவிடாது. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, தீர்மானமான 60 நாளுக்குள் பதிவதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகே திருத்தம் செல்லும். ஆண்டுக் கூட்டத்தின் விவரங்களும் கணக்கும் 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். கணக்குப் பார்ப்பவர் இருவர் நிர்வாகிகளாக இருக்கக் கூடாதென்பது பதிவிலாகாவின் மாதிரி விதிகளிலேயே உள்ளது; நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல.

அதே மாதிரி விதிகளில் இன்னொன்றும் உண்டு. குறித்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும். ஒத்திவைத்த கூட்டத்துக்கும் சேராவிட்டால், வந்தவர்களை வைத்துக்கொண்டு மற்ற காரியங்களை நடத்தலாம். சட்டத்தை மட்டும் திருத்தலாகாது. சாப்பாட்டுக்கு நிரம்பும் மண்டபம் கணக்கு வாசிக்கும்போது காலியாவதை எல்லாரும் அறிவோம். ஆகவே ஆதரிப்பவர், எதிர்ப்பவர் யாராயிருந்தாலும் கடையை அரை நாள் சாத்திவிட்டு வர வேண்டும். திருத்தங்களின் நகல் தமிழிலும் மலாயிலும் காரியதரிசியிடம் இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் கொடுத்தால் மகாசபையில் வாசிக்கப்படும். பெரியவர்களுடைய ஆட்சேபங்களை முதலில் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.