உங்கள் வீட்டு மழைநீர் எங்கே போகிறது?

நக்கீரனின் ‘காடோடி’ நாவலில் போர்னியோ மழைக்காட்டு மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. காட்டை வெட்டும் வேலைக்கு வந்தவனே காட்டுக்காக வருந்துகிறான். இப்படியொரு கதையை வகுப்பில் பேசினால் மாணவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளால் அப்படி மூடிவிட முடியாது. 2021 டிசம்பர் 18 அன்று கொட்டிய மழையில் கிள்ளான் ஆற்றோரத்துத் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கியது. மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றவர்களைப் படகில் மீட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் மெத்தை, குளிர்பெட்டி, பள்ளிப் புத்தகம் எல்லாம் சேறு பூசித் தெருவில் குவிந்தன. அந்த மழைக்காலத்தில் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளியியல் துறை கணக்கிட்டது.

காடு சாய்ந்தாலும் ஊர் மூழ்கினாலும், ‘இது யாரால் வந்தது?’ என்று கேட்கும் நாளில்தான் கதைமாந்தர் முதிர்கிறார், வாசகரும் முதிர்கிறார். மழை வானத்தின் வேலை. மேட்டுக் காட்டை மொட்டையடித்ததும், ஆறு பரவும் தாழ்நிலத்தில் வீடு எழுப்பியதும், கால்வாயைக் குப்பையால் அடைத்ததும் மனிதர் செய்த வேலை.

ஆசிரியர்களே, நாவலைப் பேசி முடித்ததும் ‘இதன் படிப்பினை என்ன?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘உங்கள் வீட்டு மழைநீர் எந்த ஆற்றில் சேர்கிறது?’ என்றும் கேளுங்கள். விடை தெரியாத பிள்ளை அன்று மாலையே பெற்றோரோடு அந்தக் கால்வாயைத் தேடிப் போகட்டும்.