அறிக்கை செய்தாயிற்று, சரிசெய்தாயிற்றா?

தியானப் பகுதி: லூக்கா 19:1-10, யாக்கோபு 5:16



"பாஸ்டர், கத்தோலிக்கருக்கு என்ன கவலை! வாரமெல்லாம் பாவம் செய்வாங்க, சனிக்கிழமை சாமியார் காதில் சொல்லிட்டா முடிஞ்சது" என்று நம்மில் சிலர் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரியமானவர்களே, பிறருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போதும் உண்மையைத்தான் பேசணும். பொய்ச்சாட்சி கூடாது என்ற கற்பனை இதற்கும் உண்டு. அவர்கள் மெய்யாகவே எதை விசுவாசிக்கிறார்கள் என்று இன்றைக்குப் பார்ப்போம். பிறகு நம்மையே நிதானித்துப் பார்ப்போம்.

கத்தோலிக்கப் பெரியவர்கள் அதைப் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்கள்மேல் ஊதி, பாவமன்னிப்பைக் குறித்துச் சொன்னதை (யோவான் 20:22-23) ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பாவத்தை மன்னிக்கிறவர் தேவன் ஒருவரே என்பதுதான் அவர்களுடைய போதனையும். குருவானவர் கிறிஸ்துவின் ஊழியக்காரனாக, அவர் பெயரால் அந்த மன்னிப்பை அளிக்கிறார் என்று விசுவாசிக்கிறார்கள். அந்தக் குருவும் தன்னைத்தானே மன்னித்துக்கொள்ள முடியாது. அவரும் இன்னொரு குருவிடம் போகணும். 2014 மார்ச் 28ஆம் தேதி, போப் பிரான்சிஸ் ரோமிலுள்ள பரிசுத்த பேதுரு ஆலயத்தில் எல்லாரும் பார்க்க ஒரு சாதாரண குருவின் முன் முழங்கால்படியிட்டுத் தன் பாவங்களை அறிக்கை செய்தார்.

"காசு கொடுத்தால் மன்னிப்பாமே?" என்று கேட்பீர்கள். பாவசங்கீர்த்தனத்துக்குக் காசு கிடையாது. 1517இல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்து எழும்பியது பலன்சீட்டு வியாபாரத்தை. அது வேறே காரியம். அந்த லூத்தரே தனிப்பட்ட அறிக்கையைத் தள்ளிவிடவில்லை. 1529இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அதற்கும் இடம் கொடுத்தார்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். பாவங்களை நினைத்துப் பார்க்கணும். அதற்காக மனஸ்தாபப்படணும். இனிச் செய்யமாட்டேன் என்று தீர்மானிக்கணும். குருவிடம் சொல்லணும். அவர் கொடுக்கும் அபராதத்தைத் தீர்க்கணும். மனஸ்தாபம் இல்லாமல் வாயினால் மட்டும் சொன்னால் அந்த மன்னிப்பு செல்லாது. 1992இல் வெளிவந்த அவர்களுடைய மறைக்கல்வி நூல் இன்னொன்றும் போதிக்கிறது: திருடினதைத் திருப்பிக் கொடுக்கணும், அவதூறு பேசிக் கெடுத்த பெயரைச் சரிப்படுத்தணும். பாருங்க, இது லேசான காரியமா?

கேட்கிற குருவுக்கும் ஒரு கட்டளை உண்டு. கேட்டதை எவரிடமும் சொல்லக்கூடாது. வருஷத்துக்கு ஒருதரமாவது பாவசங்கீர்த்தனம் செய்யணும் என்று 1215இல் லாத்தரன் சங்கம் கட்டளையிட்டபோதே, ரகசியத்தை வெளியிடும் குரு பதவியை இழந்து, மடத்தில் ஆயுள் முழுதும் தவம் செய்யணும் என்றும் விதித்தது. இன்றைக்கும் அதை நேரடியாய் வெளியிடுகிற குரு அந்தக் கணமே சபைக்குப் புறம்பாகிறார்.

தேவ ஜனமே, நமக்கும் தேவனுக்கும் நடுவே மத்தியஸ்தர் ஒருவரே (1 தீமோத்தேயு 2:5). நாம் நேராகக் கிருபாசனத்தண்டை போகிறோம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அல்லேலூயா! ஆனால் நேரான வழி என்பதற்காக அதை மலிவான வழியாக்கிவிடலாமா? மூன்று கேள்வி கேட்கிறேன், உங்கள் இருதயத்தில் பதில் சொல்லுங்கள்.

முதலாவது, பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கை செய்கிறோமா? "ஆண்டவரே, தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னியும்" என்று மொத்தமாய்ச் சொல்லிவிடுகிறோம். "பொய்க் கணக்கு எழுதினேன், மாமியாரைச் சபித்தேன்" என்று சொல்ல நாக்கு வரமாட்டேன் என்கிறதே!

இரண்டாவது, சரிசெய்தோமா? கன்வென்ஷனுக்குக் கன்வென்ஷன் முன்னால் வந்து அழுகிறோம். வாங்கின கடன் அப்படியே நிற்கிறது. சகேயு மரத்திலிருந்து இறங்கினதும் அநியாயமாய் வாங்கினதை நாலுமடங்காய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தானே. கண்ணீர் நல்லதுதான். கடன்காரனுக்குக் கண்ணீரால் என்ன பிரயோஜனம்?

மூன்றாவது, இரகசியம் காக்கிறோமா? ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கை செய்யும்படி யாக்கோபு போதிக்கிறார். நம் சபையில் யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு சகோதரி நொறுங்கிப்போய் ஒரு வார்த்தை சொன்னால், அது ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வீட்டுக்கூட்டம் முழுதும் சுற்றிவிடுகிறது. அதனாலேயே எத்தனையோ பேர் பாரத்தைச் சுமந்துகொண்டு ஊமையாய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊழியக்காரரே, சகோதர சகோதரிகளே, உங்கள் வாய்க்குக் காவல் வையுங்கள்! உங்களை நம்பிச் சொன்ன ஒரு ஆத்துமா அதனாலே சபையை விட்டே போய்விடலாம்.

ஒப்புரவு என்றால் என்ன என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம். கேரளத்துக் கன்னியாஸ்திரீ ராணி மரியா இந்தூர் பகுதியில் ஏழைகள் நடுவே ஊழியம் செய்தார். 1995 பிப்ரவரி 25ஆம் தேதி பஸ்ஸில் போகும்போது ஒரு வாலிபன் அவரைக் குத்திக் கொன்றான். 2002இல் அவருடைய தங்கை செல்மி பால், அவரும் கன்னியாஸ்திரீ, சிறைக்குள்ளே போய் அந்த வாலிபன் கையில் ராக்கி கட்டி, அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். அவனும் மனம் மாறினான். 2006இல் விடுதலையானான். மன்னித்தேன் என்று வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம். அவரோ சிறைவாசல் வரைக்கும் நடந்து போனார்.

இந்த வாரம் நீ நடந்து போகவேண்டிய வீடு எது? திருப்பிக் கொடுக்கவேண்டிய தொகை எவ்வளவு? ஞாயிறு ஆராதனைக்கு முன்னே போய்விடு. கர்த்தர் உன் முன்னே போவார்.

ஜெபம்: அன்புள்ள பிதாவே, நான் மறைத்துவைத்ததைப் பெயர் சொல்லி உம்மிடம் அறிக்கை செய்கிறேன். கெடுத்ததைச் சரிசெய்ய எனக்குப் பெலன் தாரும். பிறர் என்னிடம் சொன்னதைக் காக்க என் உதடுகளுக்குக் காவலாயிரும். நீர் என்னை மன்னித்ததுபோல நானும் மன்னிக்க உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன். ஆமென்.