நம்பத்தக்க வழக்கறிஞர் யார்?

அமெரிக்காவில் ‘கிரீன் கார்டு’ நாடும் நம் பிள்ளைகளுட் பலர், “கிடைப்பது உறுதி” என்னும் குடியேற்ற வழக்கறிஞரையே தேடுகின்றனர். முடிவு செய்பவரோ அரசு அதிகாரி. தனிப்பயிற்சி ஆசிரியர் தேர்வு மதிப்பெண்ணுக்கு உறுதி கூறலாகுமோ? அவர் அந்நாட்டின் ஏதேனும் ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவரா என்பதை எவரும் சரிபார்க்கலாம். ‘நோட்டரி’ என்னும் பலகை போதாது. அங்கே அப்பதவி கையொப்பத்திற்குச் சான்றளிக்கவே, சட்ட ஆலோசனை கூற அன்று.

கடினமான வினா வேறு. மாணவர் விசாவில் இருந்தபோது அனுமதியின்றிப் பணியாற்றியதை மறைக்கலாமா என்று நாம் கேட்டால், “கூடாது” என்பவரை விட்டு, “எழுதவேண்டா” என்பவரிடம் செல்வோமா? உண்மையென உறுதிகூறிக் கையொப்பமிடுபவர் விண்ணப்பதாரரே. முக்கியமான செய்தியில் அறிந்தே பொய் கூறினால், அந்நாட்டில் நுழைய வாழ்நாள் தடையே நேரலாம். நமக்காகப் பொய்யுரைக்க இசைபவர், நம்மிடம் மட்டும் மெய்யுரைப்பார் என எண்ணுவது எவ்வாறு? நிரப்பாத படிவத்தில் கையொப்பம் கேட்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடலாம்.